எட்டாவது கம்பி

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் அதை ஆட்டிப் பார்ப்பார். சாவிக்கொத்தோ, சுக்குத் துண்டோ, எங்கள் தையல் கடையில் வெட்டிப்போட்ட நைட்டித் துணியோ, எதுவானாலும் காதருகே வைத்து ஒரு ஆட்டு ஆட்டி, வளைத்துப் பார்த்து, பிறகு பக்கத்தில் யார் நின்றாலும் அவர்கள் கழுத்திலோ கையிலோ அதை மாட்டிவிட்டு, "ஒண்ணு நடந்தே" என்பார், ஒரு தடவை நடந்து காட்டு என்று. மட்டாஞ்சேரி பஜாரில் அவர் சொல்லி நடக்காத ஆள் குறைவு. தபால்காரர் நடந்திருக்கிறார். மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய தோட்டைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு, வெட்கத்தோடு, கிடங்கு வாசல் வரை நடந்து திரும்பியதை நானே பார்த்தேன்.

நகையும் துணியும் புதிது புதிதாக வடிவமைப்பது அவர் தொழில். ஆனால் தங்கத்தையோ பட்டையோ அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. போர்ட் கொச்சிக் கரையில் அறுத்துப் போட்ட மீன்வலை, சைக்கிள் டியூப், மிளகுச் சாக்கின் சணல், மாத்திரை அட்டையின் வெள்ளித் தாள், பேனா ஸ்பிரிங் என்று ஊர் கழித்துப் போட்டதெல்லாம் அவர் மேசைக்கு வந்து சேரும். எங்கள் கடைக்கு நாலு கட்டிடம் தள்ளி ஒரு சுக்குக் கிடங்கு உண்டு. அதன் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். கோயம்புத்தூரில் படித்தவர் என்பதால் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. பேரை எழுதப் போவதில்லை. எழுதினால், அச்சில் வந்த பிறகு அந்தப் பேர் என்ன செய்கிறது என்று கேட்க எங்கிருந்தாவது போன் செய்வார். நான் அவரை சேச்சி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒன்பது வயதில் மதில் மேலிருந்து விழுந்து இடது கால் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டவர் சரியாகப் போடவில்லை. எலும்பு கூடியது, ஆனால் கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. அப்பாவுக்கு நகரசபையில் துப்புரவு வேலை, பெரிய ஆஸ்பத்திரி என்று அலைய முடியவில்லை. அம்மா செருப்புத் தைக்கிறவரிடம் போய் இடது செருப்புக்கு அடியில் மூன்று அடுக்கு ரப்பர் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். அதைப் போட்டால் நொண்டுவது பாதியாகக் குறையும். மீதிப் பாதியை மறைப்பது என் பொறுப்பு.

தையல் வேலைக்குப் போனதே அதற்காகத்தான். மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் கால் யாருக்கும் தெரியாது. காலையில் எல்லோருக்கும் முன்னால் கடைக்கு வந்துவிடுவேன், சாயங்காலம் எல்லோரும் போன பிறகு கிளம்புவேன். கல்யாண வீட்டில் பந்திக்கு முதல் ஆளாக உட்கார்ந்து கடைசி ஆளாக எழுந்திருப்பேன். நான் நடப்பதை யாரும் பார்க்கக் கூடாது. இருபத்தெட்டு வயது வரை என் வாழ்க்கையில் இருந்த ஒரே திட்டம் அதுதான். அப்படிப்பட்டவளை, எல்லோரையும் நடக்கச் சொல்லும் பெண்பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் எப்படி இருக்கும்?

முதல் முறை சேச்சி மீன்வலையோடு கடைக்கு வந்தார். எங்கள் கடை முதலாளி, நாங்கள் சேட்டன் என்று கூப்பிடுகிற அண்ணன், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பேச்சீ, இது துணியோ, இல்ல நம்மளை மீனாக்க வந்ததோ? உன்னால தைக்க முடியுமா?"

கடையில் தடித்த ஊசி போட்டு ஓட்டத் தெரிந்தவள் நான்தான். மூன்று மடிப்பு வலைக்கு நடுவே பருத்தி நாடாவை வைத்து ஓட்டினேன். பாதியில் ஊசி ஒடிந்து துண்டு என் கன்னத்தில் பட்டுத் தெறித்தது. வேறு யாராக இருந்தாலும் "அய்யோ, பட்டதா?" என்றிருப்பார்கள். சேச்சி தரையில் மண்டியிட்டு அந்தத் துண்டைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒடியறதுக்கு முன்னாடி வளைஞ்சிருக்கு, பாத்தியா? எந்தப் பக்கம் இழுத்தே?"

கன்னத்தைத் துடைத்துக்கொண்டே எந்தப் பக்கம் இழுத்தேன் என்று சொன்னேன். அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. கேட்கும்போது அந்தக் கண்ணைப் பார்த்தால் நமக்கும் சந்தேகம் வந்துவிடும், ஆமாம், எந்தப் பக்கம்தான் இழுத்தோம்?

மறுநாள் மாடிக்கு வந்து மிச்ச வேலையை முடித்துத் தரச் சொன்னார். அந்தக் கிடங்கின் மரப்படி செங்குத்தாக இருக்கும். வேலை இருக்கிறது, நேரமில்லை என்று சாக்குச் சொன்னேன். அவர் என் செருப்பைப் பார்த்தார்.

"படிதான் கஷ்டமா? எந்தக் கால்? எவ்வளவு குறைவு?"

எனக்கு முகம் சுட்டது. பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் திரும்பிக்கொள்கிறவர்களிடம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நேராகக் கேட்கிறவரிடம் என்ன செய்வதென்று தெரியவில்லை. "இடது, ஒண்ணரை அங்குலம்" என்று சொல்லிவிட்டேன். "சரி" என்று சொல்லி, அன்றைக்கே படிக்குப் பக்கத்தில் கைபிடிக்கக் கப்பல் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டார். நானும் போகத் தொடங்கினேன்.

அந்த மாடியில் எதுவும் மேசையில் அதிக நேரம் கிடக்காது. "மேசையில எல்லாம் சுந்தரமாத்தான் இருக்கும். போட்டுக்கிட்டு ஆள் நடக்கும்போ அது என்ன செய்யும்? அதுதான் சோத்தியம்" என்பார். சோத்தியம் என்றால் கேள்வி. ஒரு நாளைக்கு அந்த வார்த்தையை ஐம்பது தடவையாவது கேட்டுவிடுவேன். சைக்கிள் டியூபில் மெல்லிசாக வளையல்கள் வெட்டி, அவற்றைச் சோதிக்கக் கீழே சாயாக்கடைக்காரரைப் பிடித்தார். அவர் சாயா ஆற்றுவதற்காகக் கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது பதினைந்து வளையலும் முழங்கை வரை ஓடும். இறக்கும்போது ஒன்றன் பின் ஒன்றாக மணிக்கட்டுக்குத் துள்ளி வரும். சாயா குடிக்க வந்தவர்கள் கிளாசை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுவாரம் வளையலைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் கொடுக்கவில்லை. "இது இட்டாலே பத முறையா வரும், சேச்சீ" என்று சாயாவின் நுரையைக் காட்டி அடித்துச் சொல்லிவிட்டார்.

என்னை மட்டும் அவர் நடக்கச் சொன்னதில்லை. அதில் எனக்கு நிம்மதி இருந்தது. உள்ளுக்குள் எங்கோ கொஞ்சம் கோபமும் இருந்தது, ஏன் என்று அப்போது தெரியவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் கொக்கிகள் வாங்க இரண்டு பேரும் காயல் தாண்டி எறணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போனோம். அன்றைக்கு என் கழுத்தில் மிளகுச் சாக்கின் சணலை இறுக்கி முறுக்கிப் பின்னிய ஒரு பட்டையைக் கட்டிவிட்டிருந்தார். நாலு விரல் அகலம், பின்னால் ஏழு முடிச்சு. கூட்டத்தில் இடிபட்டால் அது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம். துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். கடை கடையாக ஏறி இறங்கியும் அது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது போட் ஜெட்டிக்குக் கொஞ்சம் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து போட்டில் ஏறினோம்.

போட் நடுக்காயலுக்கு வந்தபோது கழுத்தில் யாரோ விரல் வைத்து அழுத்துவது போல் இருந்தது. தளர்த்தப் பார்த்தேன். முடிச்சுகள் ஈரத்தில் ஊதிக் கல்லாகியிருந்தன.

"சேச்சீ, இது இறுக்குது."

"இறுக்குதா? எங்க? முன்னாலயா, சுத்தியுமா?"

"சேச்சீ, மூச்சு முட்டுது!"

"ஒரே சீரா இறுக்குதா, விட்டு விட்டா?"

அவர் விரலைப் பட்டைக்கு உள்ளே விட்டு அளந்துகொண்டிருந்தார். முகத்தில் பயமே இல்லை, அப்படி ஒரு வியப்பு. நான் கையை உதறினேன். போட்டில் கயிறு கட்டுகிற ஆள் ஓடி வந்து, "அனங்காதே, அனங்காதே" என்று என் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு கத்தியால் பட்டையை அறுத்து எடுத்தார்.

"மழை நனைஞ்சா கயிறு முறுகிச் சுருங்கும், சேச்சீ. போட்டைக் கட்டினாலே அயச்சு, லூசாத்தான் கட்டுவோம். இதைக் கொண்டுபோய்க் கழுத்திலயா கட்டுறது?" என்று அவரைத் திட்டினார்.

"நேத்து உலர்ந்து கிடக்கும்போதுதான் பாத்தேன். மழையை நெனைக்கல" என்றார் சேச்சி. கொச்சியில் ஜூன் மாதத்தில் மழையை நினைக்காத ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். நான் இருமிக்கொண்டிருந்தேன். அவர் அறுந்த துண்டுகளைப் பொறுக்கி மடியில் வைத்து விரலால் அளந்துகொண்டிருந்தார். ஒரே துண்டை மறுபடி மறுபடி அளக்கிறார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். எண்ணிக்கை தவறியும் அளப்பதை நிறுத்தவில்லை.

அத்தோடு முடியவில்லை. ஜெட்டியில் இறங்கும்போது என் இடது செருப்பின் வார் அறுந்துவிட்டது. ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு மழையில் வெறுங்காலோடு பஜார் வழியே நடந்தேன். வெறுங்காலோடு வெளியே நடந்து பல வருஷம் ஆகியிருந்தது. மழைக்கு எல்லோரும் கடைக்குள் ஒதுங்கியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சேச்சி எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். வழக்கத்துக்கு மாறாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் மேசையில் உடைந்த குடைகள் குவியத் தொடங்கின. இடுப்பில் கட்டும் ஒரு பட்டை, அதில் பின்பக்கமாக எட்டுக் குடைக்கம்பி, கம்பிகளுக்கு மேல் கருப்புக் குடைத்துணி. துணியின் மடிப்புகளுக்குள்ளே மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளை வைத்துத் தைக்கச் சொன்னார். இடுப்பின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே தூண்டில் நரம்பு ஒன்று ஓடும். அது இழுபட்டால் கம்பிகள் விரிய வேண்டும். நான்தான் தைத்தேன். ஒவ்வொரு மடிப்பும் என் கை. ஆனால் கட்டி நடந்தவர்கள் ஒருவருக்கும் அது விரியவில்லை. சாயாக்கடைக்காரர், எங்கள் கடைக்காரச் சேட்டன், தபால்காரர், யார் நடந்தாலும் மூடிய குடையாகவே பின்னால் தொங்கியது. எனக்கு அவர் மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

ஒரு நாள் கொக்கியின் படத்தைப் பார்க்கச் சொல்லி போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் முகம் கழுவப் போனார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரு வீடியோ ஓடியது. மழை, பஜார், பின்னாலிருந்து ஒரு பெண். கையில் செருப்பு. ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் இடது பக்கம் இறங்கி, இறங்கி, ஏறுகிறாள். யார் இவள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். என் நடையை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"என் காலை எதுக்கு எடுத்தீங்க?" அவர் திரும்பி வந்ததும் கத்தினேன்.

"காலை இல்ல, பேச்சீ. இடுப்பை. நீ இடதுகால் வைக்கும்போ இடுப்பு இறங்குது பாரு, அந்த இறக்கம் வேற யாருக்கும் இல்ல. அந்தக் குடை..."

"என்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா நீ நேரா நடந்திருப்பே."

உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் பொறுக்க முடியவில்லை. என் காலை வைத்து நானே எனக்குத் தெரியாமல் ஒரு மாதமாகத் தைத்திருக்கிறேன். கப்பல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனவள் பத்து நாள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அழுதேன், அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவரும் வரவில்லை.

பதினோராம் நாள், அந்த வீடியோவை அழிக்கச் செய்ய வேண்டும் என்று கிளம்பிப் போனேன். மாடி பூட்டியிருந்தது. காலியான அரிசிக் கிடங்கு ஒன்றில் அன்று நாலு மணிக்கு அவர் செய்த பொருள்களை எல்லோருக்கும் காட்டும் காட்சி என்று சாயாக்கடைக்காரர் சொன்னார். இரண்டு மணிக்கு அங்கே போய் நின்றேன்.

உள்ளே எறணாகுளத்திலிருந்து வரவழைத்த ஒரு பெண், நெடுநெடுவென்று, நல்ல அழகி, அந்தக் குடைப்பட்டையைக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். சுவரில் சாய்த்து வைத்த போனில் என் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவள் நொண்டினாள். இடது பக்கம் சாய்வாள், குடை பாதி விரியும், மூன்றாவது அடியில் தடுமாறுவாள், மூடிக்கொள்ளும். எத்தனையோ வருஷமாக நான் மறைக்கப் படாதபாடு படுவதை அவள் கற்றுக்கொள்ளப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வர வேண்டிய இடம். சிரிப்பு வந்துவிட்டது.

நான் உள்ளே நடந்து வந்ததும், வீடியோவில் இருப்பது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சேச்சீ, இது எங்ஙனெயா? எனிக்கு வருந்நில்ல" என்றாள். இது எப்படி, எனக்கு வரவில்லையே என்று என்னிடம் உண்மையாகவே கேட்டாள்.

நான் சேச்சியைப் பார்த்து, "அதை அழிங்க" என்றேன்.

அவர் உடனே போனை எடுத்து என் கண் முன்னால் அழித்தார். அழித்தவை கிடக்கும் இடத்தையும் திறந்து, அங்கேயும் அழித்துக் காட்டினார். "அப்போ நான் இனி எங்ஙனெ நடை படிக்கும்?" என்று அந்தப் பெண் பதறினாள்.

"படிக்க வேண்டாம், மோளே. நீ உன் நடை நடந்தா மதி, போதும். குடை மூடியே இருக்கட்டும்."

பிறகு என்னிடம் திரும்பி, "கேக்காம எடுத்தது தப்பு" என்றார். அவ்வளவுதான். போய் அந்தப் பெண் கழற்றிக் கொடுத்த பட்டையின் கம்பிகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். வேறு பொருள்களெல்லாம் பக்கத்து மேசைகளில் இருந்தன. ஆனால் ஒன்றரை மாதமாக அவர் சோறு தண்ணி மறந்து செய்தது இது ஒன்றுதான். மூடியே போனால் பார்க்கிறவர்களுக்கு அது ஓட்டைக் குடை.

வந்த வேலை முடிந்துவிட்டது, போயிருக்கலாம். போகவில்லை. அவர் கேட்பார் என்று நின்றேன். தபால்காரரையும் லாரி டிரைவரையும் கேட்டவர், இப்போது என்னைப் பார்த்து "ஒண்ணு நடந்தே" என்று சொல்வார், நான் முடியாது என்று சொல்ல வேண்டும், அதற்காகவே நின்றேன். அவர் சொல்லவில்லை. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நாற்காலிகள் நிறைந்தன. அவர் சொல்லவே இல்லை.

"அந்தப் பட்டையை இங்க கொண்டாங்க" என்றேன் கடைசியில். "இடது பக்கத் தையல்ல இழுப்பு ஜாஸ்தி. அந்தப் பொண்ணு உயரத்துக்கு விட்டுரும்."

கொண்டு வந்தார். கையில் வாங்கினேன். தையல் நன்றாகத்தான் இருந்தது. நான் போட்ட தையல் விட்டுப்போகாது என்று எனக்குத் தெரியாதா? பட்டையை என் இடுப்பில் வைத்தேன். சேச்சி ஒன்றும் கேட்காமல் கீழே மண்டியிட்டு வார்களைக் கட்டினார். ரப்பர் அடுக்கு வைத்த செருப்போடு நடந்தால் பாதிதான் விரியும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என் செருப்பைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். அதை நானே கழற்றிச் சுவரோரமாக வைத்தேன்.

அப்போது அவர் தலையைத் தூக்கி, அத்தனை மாதத்தில் ஒரு முறைகூடக் கேட்காததைக் கேட்டார்.

"வலிக்குமா, பேச்சீ?"

"நடந்தாத்தானே தெரியும்" என்றேன்.

சிமென்ட் தரை சில்லென்று இருந்தது. நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்பார்கள், எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். வலது காலை வைத்தேன். இடது காலை வைத்தேன். பின்னால் படக்கென்று குடை விரியும் சத்தம். என் முதுகுக்குப் பின்னால் நடப்பது எனக்குத் தெரியவில்லை. ஆனால் கதவு வழியே வந்த வெயில் வெள்ளித் தாளில் பட்டு, தரையெல்லாம், சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் சிதறியது. வலது காலில் அணைந்தது. இடது காலில் மறுபடி சிதறியது. நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தால் வெளிச்சம் குறைந்தது. மறைக்காமல் இறங்கி நடந்தால் கூரை மரம் வரை போனது. பாதி வழியில் ஆட்களை மறந்து அந்தப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கடைசிச் சுவருக்குப் போய்ச் சேர்ந்ததும் கைதட்டினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சேச்சி ஓடி வந்தார். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்துக் கையைக்கூட விரித்துவிட்டேன். அவர் எனக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஏழு கம்பிதான் விரிஞ்சது. எட்டாவது அனங்கவே இல்ல. ஏன்?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்பு அந்தக் கோடியில், சுவரோரமாகக் கிடந்தது. நான் திரும்பி நின்று மறுபடி நடந்தேன், இந்த முறை மெதுவாக, கழுத்தைத் திருப்பி என் இடுப்பைப் பார்த்தபடியே. எட்டாவது கம்பி ஏன் விரியவில்லை என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.